ஒன்றரை இஞ்ச்

எங்கள் தெருமுனையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வாசல்வரை பதினோரு இடத்தில் வண்டி தூக்கிப்போடும். ரோடு போட்டவர்களைக் கேட்டால் அப்படியெல்லாம் இல்லை என்பார்கள். எதிர்வீட்டுத் தையல்காரியைக் கேட்டால் வரிசையாகச் சொல்லுவாள். ஒன்று, சாக்கடைப் பாலத்து மேடு. இரண்டு, மரக்கடை வாசல். மூன்றும் நான்கும் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி அக்கா தங்கை மாதிரி அடுத்தடுத்து. ஐந்து, ரயில்வே கேட். ஆறு, தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிப் பாதி மூடிவிட்டுப் போனது. அதற்குக் கொலைகாரன் என்று பேர் வைத்திருந்தாள். இப்படியே போய், பதினொன்று ஆஸ்பத்திரி கேட்டிலேயே இருந்தது. உடம்பு முடியாதவர்கள் வருகிற இடம் என்று தெரிந்தும் தரையில் ஒரு இரும்புக் குழாயைக் குறுக்கே பதித்து வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் அவள் கண்ணால் எண்ணியதில்லை. முதுகால் எண்ணியது.

பரணிலிருந்த துணிக்கட்டை எடுக்க ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூல் புரண்டது. அவ்வளவுதான் சமாசாரம். இந்தத் தெருவுக்கே சட்டை தைத்துப் போட்டவளுக்கு, முதுகெலும்பில் இரண்டு பட்டையும் நாலு ஸ்க்ரூவும் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அவள் புருஷன் லேத்துக்காரர். வீட்டோடு ஒட்டினாற்போல் ஒரு தகர ஷெட்டு, அதற்குள் இரும்பு கடைகிற லேத்து, அவருக்கு உலகம் அவ்வளவுதான். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டியபோது மனுஷன் கிட்டே போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்து, "மரை சுத்தமா வெட்டியிருக்காங்க சார். வாஷர் எதுவும் போடலையா?" என்று கேட்டாராம். டாக்டர் சிரித்துவிட்டார். தையல்காரி சிரிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், கீழே இடதுபக்கத்து ஸ்க்ரூ மயிரிழை நகர்ந்திருந்தது.

"எதுல வரீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"நம்ம வண்டிலதான் சார்."

"ரொம்பக் குலுங்குமோ?"

அவள்தான் சொன்னாள். "போக பதினோரு தடவை சார். வர பதினோரு தடவை."

"இன்னும் நகர்ந்தா மறுபடி திறக்க வேண்டியிருக்கும்மா. ஆறு வாரம் படுத்தே இருங்க. அப்புறம் வந்து காட்டுங்க. வரும்போது குலுங்காம வாங்க."

குலுங்காமல் எப்படி வருவது என்பதை அவர் சீட்டில் எழுதித் தரவில்லை.

வேறு வண்டி பார்க்காமல் இல்லை. ஒரு தடவை புதுசாக ஒரு வாடகைக் காரைக் கூப்பிட்டார்கள். வழவழவென்று வந்து நின்றது. சீட்டு தரையோடு தரையாக இருந்தது. முழங்கால் இடுப்புக்கு மேலே போகிற மாதிரி உட்கார்ந்தால் அவளுக்கு உயிர் போகும். பாதி உள்ளே, பாதி வெளியே என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதவளை இறக்கிக் கூட்டி வந்தோம். ஆம்புலன்ஸும் பார்த்தாயிற்று. படுக்கவைத்துக் கட்டிக்கொண்டு போனார்கள். "கட்டிப் போட்டு அடிக்கிற மாதிரி இருந்துச்சு. எந்தப் பள்ளம் எப்ப வருதுன்னுகூடத் தெரியல" என்றாள்.

லேத்துக்காரரின் வண்டி ஒரு பழைய கார், அவருடைய அப்பா பிறப்பதற்கு முன்னால் செய்தது. யானைக் காது மாதிரி மட்கார்டு, முழித்துப் பார்க்கிற விளக்கு இரண்டு. கதவு அகலம். முன்சீட்டு நாற்காலி உயரம். அவள் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்னால் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்ளலாம். உட்காருவதற்கு அதைப் போல ஒரு வண்டி கிடையாது. ஓடுவதற்கு அதைப் போல ஒரு தண்டனையும் கிடையாது. முன்னால் இரண்டு சக்கரத்தையும் ஒரே முழு இரும்புத் தண்டு கோர்த்திருக்கும். அது தடித்தடிப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலது சக்கரத்துக்கும் வலிக்கும்.

யோசனை சொன்னது அவளுடைய தம்பி, வெல்டர்.

"மாமா, உடம்பு பழசாவே இருக்கட்டும். காலை மட்டும் மாத்திருவோம்."

"எந்தக் காலை?"

"பழைய இரும்புக் கடையில ஒரு வேன் கிடக்குது. பின்னாடி அடிபட்டது, முன்னாடி பொன்னு மாதிரி இருக்குது. குறுக்குச் சட்டம், மேல் கை, கீழ் கை, சுருள் ஸ்பிரிங், ஸ்டியரிங் எல்லாம் ஒரே செட்டு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனிக் குடித்தனம். ஒருத்தன் குழியில விழுந்தா இன்னொருத்தனுக்குத் தெரியாது. நம்ம தண்டை வெட்டி எடுத்துட்டு அதை உள்ள வெச்சுருவோம்."

மறுநாள் காலையில் லேத்துக்காரர் வண்டியைச் சுற்றித் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

பழைய வண்டிகளைச் சேர்த்து வைக்கிற பல் டாக்டர் ஒருவருக்குச் சேதி எப்படியோ போய்விட்டது. ஷெட்டு வாசலில் வந்து நின்று, வயிற்றிலே அடித்துக்கொள்ளாத குறை.

"ஒரிஜினல் ஆக்ஸில்ங்க! இதை வெட்டினா அப்புறம் இது அந்த வண்டியே இல்லை. உங்களுக்கு மனசு வருதா?"

லேத்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "என் பொண்டாட்டியும் இப்ப ஒரிஜினல் இல்ல சார். நாலு ஸ்க்ரூ போட்டிருக்கு. வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஷெட்டுக்கும் அவள் படுத்திருந்த அறைக்கும் ஒரே சுவர். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அடுத்தாற்போலவே, சிரித்ததால் வந்த வலியில் ஒரு "ஸ்ஸ்". பல் டாக்டர் அப்புறம் வரவில்லை.

அந்த ஆறு வாரமும் மழை. தகரக் கூரையில் ஓயாமல் கொட்டிக்கொண்டே இருந்தது. வெல்டர் சாயங்காலம் தன் பட்டறை வேலை முடிந்ததும் வருவான். அதுவரைக்கும் லேத்துக்காரர் தனியாகப் புழங்குவார். கூரையிலிருந்து நூல் கட்டித் தூக்குக்குண்டு விட்டு, சக்கரத்தின் நடுப்புள்ளியைத் தரையில் குறித்தார். ரசமட்டம் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் அரை மில்லி வித்தியாசம் வந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது அவருக்கு. பட்டைகளைப் பிடித்திருந்த போல்ட்டுகள் எத்தனையோ வருஷத் துரு. ஒவ்வொன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. கழற்றி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. பழைய தண்டு தரையில் விழுந்த சத்தத்தில் என் வீட்டுப் பாத்திரமே அதிர்ந்தது.

சட்டத்துக்கு இரண்டு பக்கமும் உள்பக்கமாகத் தகடு கொடுத்துப் பெட்டி மாதிரி மூடினான் வெல்டர். ஒரேயடியாகப் பற்றவைத்துவிட மாட்டான். இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, சூடு ஆறியதும் இன்னொன்று.

"என்னடா தம்பி, இன்னுமா முடியல?" என்று உள்ளேயிருந்து கத்துவாள்.

"இப்பதான் ஓட்டுத் தையல் போட்டிருக்கேன்க்கா. மெஷின் தையல் அப்புறம்!"

"ஓட்டுத் தையல் போட்டதும் ஆளுக்குப் போட்டுப் பார்க்கணும். தெரியுமில்ல?"

"தெரியும் தெரியும்."

அவள் சொன்னதை மாமன் மச்சான் இருவரில் ஒருவராவது காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால், துணி அளக்கிற மர ஸ்கேலால் சுவரை இரண்டு தட்டுத் தட்டுவாள். தண்ணீர் வேண்டும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், தட்டு எடுத்துவைக்க வேண்டும். லேத்து நிற்கும். அவர் வருவார். காலையில் சோறு வடிப்பார், முட்டை வேகவைப்பார், உருளைக்கிழங்கு வேகவைப்பார். அவருக்குத் தெரிந்த சமையல் வேகவைப்பதுதான்.

"உப்புப் போட்டீங்களா?"

"போட்டேனே."

"எதுல?"

அவர் தட்டைப் பார்ப்பார். எழுந்து போய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து வைப்பார். இருவரும் பேசாமல் சாப்பிடுவார்கள். பிறகு அவர் ஷெட்டுக்குப் போய்விடுவார்.

இதையும் சொல்லிவிட வேண்டும். வேலை அவளுக்காகத்தான். ஆனால் வேலை இருக்கிற இடத்தில் அவள் இல்லை. அங்கே முனகல் இல்லை, மருந்து வாடை இல்லை, புரட்டும்போது கையில் கனக்கிற உடம்பு இல்லை. இரும்பு வலிக்கிறது என்று சொல்லாது. நாளாக நாளாக அவர் காலையில் போகிற நேரம் முன்னால் நகர்ந்தது, திரும்புகிற நேரம் பின்னால் நகர்ந்தது. நாலாவது வாரத்தில் ஒருநாள் மத்தியானம் ஸ்கேல் தட்டியது. ஷெட்டில் இரும்பு தேய்க்கிற கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கிரைண்டர் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. ஸ்கேல் இன்னொரு முறை தட்டவில்லை. நான்தான் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். தண்ணீர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் சக்கரம் மாட்டி, தாங்கியை உருவி, வண்டியைத் தரையில் இறக்கினார்கள். வேனுடைய ஸ்பிரிங் பாரம் சுமக்கச் செய்தது. வண்டியின் முன்பக்கம் இரண்டு இஞ்ச் தூக்கிக்கொண்டு நின்றது.

"என்ன மாப்ள, மூக்கைத் தூக்கிட்டு நிக்குது?"

"பொண்ணு கேட்டு வந்த பணக்காரன் மாதிரி இருக்கு மாமா."

"நல்லாவா இருக்கு?"

"கேவலமா இருக்கு."

இரண்டு பேரும் டீயைக் குடித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தார்கள். பிறகு ஸ்பிரிங்குகளைக் கழற்றி, சூடு ஏறாமல் தண்ணீர் ஊற்றி ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒன்றரைச் சுற்றை வெட்டி எறிந்தார்கள். மறுபடி மாட்டி இறக்கியபோது வண்டி அழகாகக் குனிந்து நின்றது. சக்கரத்தின் தலை மட்கார்டுக்குள் மறைந்து, என்னைக் கேட்டால், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஓட்டியும் பார்த்தார்கள். வெல்டர் டம்ளரில் விளிம்புவரை டீயை ஊற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சாக்கடைப் பாலத்து மேட்டில் ஏறி இறங்கி வந்தார்கள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. டம்ளரை எனக்கு ஜன்னல் வழியாகக் காட்டிவிட்டுத்தான் குடித்தான்.

டாக்டரிடம் போக இரண்டு நாள் இருக்கையில், அவளைத் தூக்கி நிறுத்தி வெளியே அழைத்து வந்தார்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு வெயிலைப் பார்க்கிறாள், கண் கூசியது. தலைக்குக்கூடப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றாள், கையால் சீட்டைத் தொட்டுப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

உடம்புக்கு ஒரு கணக்கு இருக்கிறதல்லவா, எங்கே போய் உட்காரப் போகிறோம் என்று. அந்த இடத்தில் சீட்டு இல்லை. அதற்கும் கீழே இருந்தது. தொப்பென்று போய் விழுந்தாள். அந்த அலறலில் தெருவில் போன சைக்கிள்காரர் இறங்கி நின்றார்.

தூக்கி நிறுத்தினார்கள். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"சீட்டு கீழ போயிருச்சு" என்றாள்.

"சீட்டை நாங்க தொடவே இல்ல" என்றார் லேத்துக்காரர்.

"தொட்டீங்கன்னு யார் சொன்னா? கீழ போயிருச்சுன்னு சொல்றேன். தம்பி, என் டேப்பை எடுத்துட்டு வா."

ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த நாளிலேயே வீட்டில் உள்ள நாற்காலி, கட்டில், வண்டிச் சீட்டு எல்லாவற்றையும் தம்பியை விட்டு அளக்கச் சொல்லி மனசில் வைத்திருந்தாள். இருபத்திநாலு இஞ்சுக்குக் கீழே எதிலும் உட்கார முடியாது, வண்டிச் சீட்டு சரியாக இருபத்திநாலு. வெல்டர் குனிந்து தரையிலிருந்து சீட்டுக்கு டேப்பைப் பிடித்தான். வாய்க்குள் ஏதோ சொன்னான்.

"சத்தமா சொல்லு."

"இருபத்திரண்டரை."

"ஒன்றரைதானே" என்றார் லேத்துக்காரர்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. அரை மில்லிக்குச் சாப்பிடாமல் கிடந்த மனுஷன்.

"தோள்ல ஒன்றரை குறைஞ்சா சட்டைக்குள்ள கை போகுமாங்க?" அவள் கோபமாகக் கேட்கவில்லை, ரொம்பச் சோர்ந்து போய்க் கேட்டாள். "எப்படிக் குறைஞ்சுது?"

வெல்டர் தரையைப் பார்த்தான். "ஸ்பிரிங்கை வெட்டினோம்க்கா."

"எதுக்கு?"

"மூக்கு தூக்கிட்டு இருந்துச்சு."

"இருந்தா?"

"பார்க்க நல்லா இல்ல."

"யாரு பார்க்க?"

வெல்டர் டேப்பைச் சுருட்டினான்.

"தலகாணி ஒண்ணு போட்டா..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"சீட்டே முன்பக்கம் சரிஞ்சு கிடக்குது. தலகாணி நழுவும், நானும் நழுவுவேன்." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "வண்டிக்கு அளவு எடுத்தீங்க. சக்கரத்துக்கு எடுத்தீங்க, சட்டத்துக்கு எடுத்தீங்க, தரைக்குக் கோடு போட்டீங்க. சுவத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தி படுத்திருக்கா. ஒரு நாள் டேப்பை எடுத்துக்கிட்டு அவகிட்ட வந்தீங்களா?"

அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அழகாகக் குனிந்து நின்ற வண்டி.

நாளை மறுநாள் டாக்டர். அந்தப் பழைய தண்டைத் திரும்ப மாட்ட வழியில்லை. அதைத் தாங்குகிற இடத்தையே வெட்டியாயிற்று. வேனுடைய ஸ்பிரிங்குக்கு ஜோடி அந்த இரும்புக் கடையில் இல்லை.

அவள்தான் கேட்டாள். "வெட்டினது வெட்டினதுதான். உள்ள பிரிச்சு விட இடம் ஏதாவது இருக்கா?"

தைக்கிறவர்கள் உள்ளே மடிப்பு விட்டுத்தான் தைப்பார்கள், ஆள் பெருத்தால் பிரித்துவிட. அவர் குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தார்.

"ஸ்பிரிங்குக்கு மேல வளையம் கொடுக்கலாம். அது உட்கார்ற கிண்ணத்துல ஆழம் இருக்கு."

"எவ்வளவு கனம்?"

அவர் விரலை மடக்கினார். "ஸ்பிரிங் இருக்கறது சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல. அங்க ஒண்ணு ஏத்தினா சக்கரத்துக்கிட்ட ரெண்டு தூக்கும். நீ உட்கார்ற இடம் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல. அதனால அங்க அதுல பாதி."

"ரெண்டுல பாதி ஒண்ணு."

"ஆமா. ஒண்ணுக்கு ஒண்ணு."

"அப்ப ஒன்றரை."

"ஒன்றரை."

பல மாதமாக அவர்கள் இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலையிலேயே லேத்து ஓடியது. முழு இரும்பைப் பிடித்து, நடுவில் குடைந்து, இரண்டு வளையம் கடைந்தார். கழுத்தில் அவளுடைய டேப் தொங்கியது. மில்லி மில்லியாக அளக்கிற கருவி அலமாரியில் இருந்தது, அதை எடுக்கவில்லை. ஒரு வளையத்தை எண்ணெய் துடைத்து உள்ளே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தார். படுத்தபடியே அவள் டேப்பைப் பிடித்துப் பார்த்தாள். "ஒரு நூல் அதிகமா இருக்கு" என்றாள். "பாரம் ஏறினா அமுங்கும்" என்றார். அவள் திருப்பிக் கொடுத்தாள். சாயங்காலம் வெல்டர் வந்து மாட்டினான். சக்கரத்தின் சாய்வை இன்னொரு முறை நூல் பிடித்துச் சரிசெய்தார்கள். வண்டியின் மூக்கு அந்தக் காலத்தில் இருந்த இடத்துக்கே வந்து நின்றது. லட்சணம் கொஞ்சம் குறைந்துதான் போயிற்று. யாரும் அதைப் பேசவில்லை.

அவளை அழைத்து வந்தார்கள். முதுகைக் காட்டி நின்றாள். உட்கார்ந்தாள். சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"ம்" என்றாள்.

மறுநாள் காலை இரண்டு பேர் மட்டும் கிளம்பினார்கள். தம்பிக்குப் பட்டறையில் வேலை. நடந்ததை அவள் பிறகு எனக்குச் சொன்னாள். கதவுக்கு மேலே தொங்குகிற தோல் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாளாம்.

"ஒண்ணு" என்றாள் சாக்கடைப் பாலத்தில். வண்டி மெதுவாக எழுந்தது, மெதுவாக அமர்ந்தது. "ரெண்டு." கொஞ்சம் ஆடியது. "மூணு. நாலு." வாரைப் பிடித்த கை வெளுத்திருந்தது. வலி வரும் வரும் என்று காத்திருந்து, வராததில் வருகிற அசதி.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினார். சரக்கு ரயில் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னிக்கு நீ தட்டினது கேட்டுச்சு."

"என்னிக்கு?"

"மத்தியானம். கிரைண்டர் ஓடிட்டிருந்துச்சே."

"கேட்டுச்சுன்னு தெரியும். கிரைண்டர் நின்னுச்சு. அப்புறம் ஓடுச்சு."

ரயில் போய்க்கொண்டே இருந்தது.

"என்னால முடியல" என்றார்.

"எனக்கும்தான் முடியல. எனக்கு ஷெட்டுன்னு ஒண்ணு இல்லை."

கேட் திறந்தது. அவர் கியரைப் போட்டார். கொஞ்ச தூரம் போனார்கள். அவள் நான்கு மாதமாகப் பேசாததையெல்லாம் பேசினாள். சோற்றில் உப்பில்லாததை, ஜன்னல் கம்பியில் வந்து உட்காருகிற காக்கையை, ஸ்டூலைச் சரிபண்ணித் தாருங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்பதை. அவர் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். நடுவில் சட்டென்று பேச்சை நிறுத்தி, அவள் மறுபடி வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"மெல்லப் போங்க. கொலைகாரன் வரப்போறான்."

"அது போயி நேரமாச்சு. எட்டைத் தாண்டிட்டோம்."

அவள் திரும்பிப் பார்க்கப் பார்த்தாள், கழுத்து திரும்பவில்லை. வாரைப் பிடித்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாளாம். அழுகை வந்ததா என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் தெம்பு ஏது?" என்றாள்.

அந்த ஸ்க்ரூ அதற்குமேல் நகரவில்லை. அதற்காக அவள் மறுநாளே எழுந்து மெஷின் மிதிக்கவில்லை. இன்னும் ஆறு வாரம் படுக்கை என்றுதான் டாக்டர் சொன்னார். மழையும் விடவில்லை, சோற்றில் உப்பும் சரியாக விழவில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் நான் வாசலில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஷெட்டில் லேத்து ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கேல் இரண்டு தட்டுத் தட்டியது. லேத்து நின்றது. "வரேன், வரேன்" என்று சலித்த குரல் கேட்டது. பிறகு உள்ளே கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம்.

முறத்திலிருந்த அரிசி முழுக்கப் பொறுக்கி முடித்தேன். லேத்து ஓடவில்லை.